வெறும் தூளி

எடை பார்க்கும் நாளென்றால் எனக்குக் காலையிலேயே கோபம் வந்துவிடும். ஒரு குழந்தையைத் தூளியில் போடுவதற்குள் இன்னொன்று தராசைப் பிடித்து இழுக்கும். அதன் அம்மா அதை அடிப்பாள், அது கத்தும், அதைப் பார்த்து மற்றதெல்லாம் கத்தும். 'பேருல மட்டும் அன்பு கீது, வாயத் தொறந்தா பட்டாசு' என்று இந்த அம்மாக்கள் என் காதுபடவே சொல்வார்கள். சொல்லட்டும். மந்தைவெளிச் சந்தில் இந்தப் பால்வாடியை இத்தனை வருஷம் நடத்தியவள் நான், வாய் இல்லாமல் நடத்தியிருக்க முடியாது.

எங்கள் தராசு உத்தரத்துக் கொக்கியில் தொங்கும். கடிகாரம் போல வட்டமாக முகம், நடுவில் முள். கீழே துணியைத் தூளியாகக் கட்டி அதில் குழந்தையைப் போட வேண்டும். எல்லாருக்கும் பொதுவாக ஒரு துணி வைத்தேன், ஒருத்தியும் ஒப்பவில்லை. "அடுத்தவ புள்ளைய போட்ட துணில எம்புள்ளைய போடுவியா டீச்சர்? கண்ணு பட்டா நீயா பாப்ப?" என்று சண்டைக்கு வந்தார்கள். அதனால் அவரவர் பழைய புடவையில் கிழித்த துணியைக் கொண்டுவந்து என் அலமாரியில் மடித்து வைத்தார்கள். தமிழ்நிலாவின் துணி பச்சை, அதில் மஞ்சள் மாங்காய் போட்டிருக்கும்.

மழைக்கு முன்னால் ஆற்றோரத்து வீடுகளை இடித்துவிட்டார்கள். எங்கள் பிள்ளைகள் பெரும்பாலும் அங்கிருந்து வருபவர்கள்தாம். சாமான் சட்டியோடு எல்லாரையும் லாரியில் ஏற்றி, வேளச்சேரிக்கும் அப்பால், ஊருக்கு வெளியே அடுக்குமாடிகளில் கொண்டுபோய் விட்டார்கள். போகிறவர்களிடம் துணியை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன்.

"கெடக்கட்டும் டீச்சர்" என்றாள் தமிழ்நிலா. இடுப்பில் அவள் மகள் ஜானு, கன்னம் பிதுங்க என்னைப் பார்த்துச் சிரித்தாள். "துணி இங்க கீதுன்னா நாங்களும் திரும்பி வந்துடுவோம். இல்ல ஜானு? நாம வந்துடுவோம் இல்ல?"

அவள் சொன்னதைக் கேட்டு, எடுக்க வந்த ருக்சாரும் தன் மகன் ரெஹானின் துணியைத் திரும்ப வைத்துவிட்டாள். மற்றவர்களும் அப்படியே போய்விட்டார்கள். எனக்கு அழுகை வந்தது. அழுதால் எங்கள் சமையல் ஆயாம்மா கேலி செய்வாள் என்று அலமாரியைப் படாரென்று சாத்தினேன்.

மழை விட்ட பிறகு தராசு துருப்பிடித்திருக்கிறதா என்று பார்க்க, கைக்குக் கிடைத்த பச்சைத் துணியைக் கட்டினேன். முள் இறங்கியது. துணியை அவிழ்த்தேன், முள் மேலே ஏறியது. மறுபடி கட்டினேன், ஒரு கிலோவைத் தாண்டிப் போய் நின்றது. மடித்துக் கையில் பிடித்தால் வெறும் துணி. விரித்துக் கட்டினால் மட்டும் நடுவில் தொய்ந்து, ஏதோ படுத்திருப்பது போலப் பள்ளம் விழுந்தது. எரிச்சலில் அதைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளினேன்.

"ஐயோ, வெறும் தூளிய ஆட்டாத டீச்சர்!" சமையல் மூலையிலிருந்து ஆயாம்மா முனியம்மாள் கத்தினாள். "புள்ளைக்கு வயித்த வலிக்கும்!"

"எந்தப் புள்ளைக்கு?" என்று கேட்டேன்.

அவள் தூளியைப் பார்த்தாள். அது நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. மின்சாரம் இல்லை, விசிறியும் ஓடவில்லை. நான்தான் போய் இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தினேன். துணி வெதுவெதுவென்று இருந்தது.

அடுத்த வாரம் தமிழ்நிலா வந்தாள். அவள் தோளில் கிடந்தது ஜானு என்று எனக்குச் சட்டென்று தெரியவில்லை. கண் மட்டும் பெரிதாக இருந்தது, தொடைச் சதை மடிப்பு மடிப்பாகத் தொங்கியது.

"இன்னாடி குடுக்குற புள்ளைக்கு? காத்தையா ஊட்டுற?" என்று பாய்ந்துவிட்டேன்.

"எல்லாம் துண்ணுறா டீச்சர். பாலு குடிக்கிறா. ஆஸ்பத்திரில ரத்தம், மூத்திரம் எல்லாம் பாத்தாங்கோ. ஒண்ணுமில்லன்றாங்கோ. ஆனா தூக்குனா கையில எதுவுமே இல்லாத மாதிரி கீது." அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்கு பயமா கீது டீச்சர். இவ போய்க்கினே கீறா."

நான் ஜானுவைப் பொதுத் துணியில் போட்டேன். முள் ஐந்தரையில் நின்றது. போகும்போது ஏழு கிலோ இருந்த குழந்தை. பிறகு, ஏனென்று கேட்காதீர்கள், பச்சைத் துணியைக் கட்டி அதில் போட்டேன். முள் நேராக ஏழுக்குப் போனது. ஜானு காலை உதைத்துக்கொண்டு சிரித்தாள், கன்னம் திரண்டு வந்தது. வெளியே எடுத்தேன், கையில் பழைய எலும்பும் தோலும். இன்னொரு முறை செய்து பார்த்தேன். அதே கதைதான்.

"இவ இங்கயே இருக்கட்டும்" என்றாள் தமிழ்நிலா. "உன் கால்ல வுழுறேன் டீச்சர். நீயே வச்சிக்கோ. உசுரோட இருந்தா போதும்."

"பைத்தியக்காரி. மாசக் கடைசில இந்த மையத்தையே மூடப் போறாங்க. உன் புள்ளைய நான் பூட்டுன ரூம்லயா வைக்கிறது? துணிய எடுத்துக்கினு போ."

அவள் துணியை அவிழ்த்து மடித்தாள். இரண்டாம் மடிப்பிலேயே ஜானு மூச்சை இழுத்தாள். உதடு நீலம் பாரித்தது. "விரிடீ, விரி!" என்று நான் கத்திய கத்தலில் ஆயாம்மா ஓடிவந்து துணியை விரித்தாள். குழந்தை மூச்சு விட்டது. இத்தனை நாள் அலமாரியில் மடிந்தே கிடந்த துணிதான், ஆனால் குழந்தை ஒரு தரம் அதில் படுத்தெழுந்த பிறகு மடிப்பைத் தாங்கவில்லை.

ஆகவே, மடிக்காமல்தான் கொண்டுபோக வேண்டும். தலைப் பக்கம் நானும் கால் பக்கம் ஆயாம்மாவும் பிடித்துக்கொண்டோம். ஜானுவைத் தூக்கிக்கொண்டு தமிழ்நிலா முன்னால் நடந்தாள். பட்டப்பகலில் இரண்டு பொம்பளைகள் ஒரு வெறும் தூளியைச் சுமந்து மந்தைவெளி ஸ்டேஷன் படியேறினோம். எவனாவது சிரிப்பான், சிரித்தால் நாலு வார்த்தை கேட்கலாம் என்று காத்திருந்தேன். யாரும் சிரிக்கவில்லை. குழந்தை வருகிறதென்று ஒதுங்கி வழிவிட்டார்கள். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

பறக்கும் ரயிலில் எதிர் சீட்டு அம்மாள் தூளிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"நல்லா தூங்குது. மூக்கு அப்படியே அம்மா மூக்கு" என்று தமிழ்நிலாவைக் காட்டிச் சொல்லி நெட்டி முறித்தாள். பிறகு தமிழ்நிலாவின் மடியில் கிடந்த ஜானுவைப் பார்த்தாள். "ரெட்டப் புள்ளைங்களா? இது மட்டும் ஏம்மா இப்படி எளச்சுப் போயிருக்கு?"

தமிழ்நிலா ஜானுவை முந்தானையால் போர்த்தினாள். நான் தூளிக்குள் பார்க்கவில்லை. உள்ளே ஒன்றும் இல்லாவிட்டால் பரவாயில்லை, இருந்துவிட்டால் என்ன செய்வது என்றுதான் பயம்.

கிரீன்வேஸ் ரோடு தாண்டி வண்டி ஆற்றுப் பாலத்தில் ஏறியது. கீழே அவர்களுடைய வீடுகள் இருந்த இடம். இப்போது செங்கல் குவியலும் ஒரு துண்டுச் சுவரும்தான். திறந்திருந்த வாசல் பக்கம் தூளி சாய்ந்தது. முதலில் வண்டி ஆட்டம் என்று நினைத்தேன். சாய்ந்தது திரும்பவில்லை. ஆயாம்மாவின் கால் வழுக்கியது, துணி விறைத்து எங்கள் இருவரையும் வாசலுக்கு இழுத்தது. ஒரு குழந்தைக்கு அவ்வளவு பலம் கிடையாது.

"ஏய் ஜானு! எங்கடி போற? அங்க இன்னா கீது? செங்கல்லு கீது! உங்கம்மா இங்க கீறா, கம்முனு படு!" என்று பால்வாடிக் குரலில் அதட்டினேன். நான் அதட்டி அடங்காத பிள்ளை கிடையாது. இது அடங்கவில்லை.

மடியில் ஜானுவின் தலை தொங்கிவிட்டது.

தமிழ்நிலா கீழே தெரிந்த செங்கல்லைப் பார்த்தாள். ஒரு கையால் ஜானுவை அணைத்து, மறு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு தூளியின் மேல் குனிந்தாள்.

"ஜானு, அம்மா சொல்றத கேளு. திரும்பி வருவோம்னு சொன்னேன் இல்ல? பொய்யி கண்ணு. வர மாட்டோம். வூடு போச்சு. நம்ம தெருவே போச்சு. அங்க யாரும் இல்ல, நீ யாருக்காகக் காத்துக்கினு கீற?" அவளுக்குக் குரல் உடைந்தது. "அம்மா எங்க கீறேனோ அதான் வூடு. வந்துடு."

தூளி தளர்ந்தது. கனம் மெல்ல என் கைப்பக்கம் உருண்டு வந்து, தூங்கும் குழந்தை தலை சாய்ப்பதுபோல என் முழங்கை மடிப்பில் வந்து அமர்ந்தது. வண்டி கோட்டூர்புரத்தில் நின்றபோது மூவரும் அழுதுகொண்டிருந்தோம். வேளச்சேரியில் இறங்கிப் பஸ் ஏறி அவர்கள் வீடு போய்ச் சேரும்வரை நான் கை மாற்றவில்லை. மரத்துப் போயிருந்தது.

மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. கூரைக் கொக்கியில் தூளியைக் கட்டி, ஜானுவை அதில் போட்டோம். கொக்கி கிறீச்சென்றது. கொஞ்ச நேரம் கழித்துத் தமிழ்நிலா அவளை வெளியே தூக்கினாள்.

"அம்மாடி, இன்னா கனம்" என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொல்லி, குழந்தையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு அழுதாள். ஜானு அவள் மூக்கைக் கடித்தாள்.

மறுநாள் காலை பால்வாடிக்குப் போனதும் நேராக அலமாரியைத் திறந்தேன். ஆயாம்மா வேண்டாமென்று தலையாட்டினாள். மேலே இருந்தது ருக்சார் மகனுடைய நீலத் துணி. மடிப்பில் லேசாக இருந்தது. பிரித்துக் கொக்கியில் கட்டினேன்.

முள் இறங்கியது.

அதை அவிழ்த்து இன்னொன்றைக் கட்டினேன். அதுவும் இறங்கியது. அலமாரி நிறைய அடுக்கி வைத்திருந்தேன், ஒழுங்காக, சுத்தமாக, ஒன்றின் மேல் ஒன்றாக. அந்தப் பிள்ளைகள் எல்லாம் எங்கேயோ மூன்றாவது, நாலாவது மாடிகளில் இளைத்துக்கொண்டிருக்கின்றன. தூக்கிக்கொண்டு போவது பெரிதல்ல, ஆயாம்மாவும் நானும் தூக்கிவிடுவோம். ஆனால் ஒவ்வொரு அம்மாவையும் அந்தப் பாலத்துக்கு மேலே கூட்டி வந்து, இனித் திரும்பி வரமாட்டோம் என்று அவள் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். மாசக் கடைசிக்குள்.

மகனைத் தூக்கிக்கொண்டு மந்தைவெளி ஸ்டேஷனுக்கு வரும்படி ருக்சாருக்குப் போன் செய்துவிட்டு, நீலத் துணியை மறுபடி விரித்துப் பிடித்தேன்.

"செருப்ப மாட்டு ஆயாம்மா" என்றேன். "தலப் பக்கம் நான் புடிச்சிக்கிறேன்."