பதினோரு வக்கீல்களுக்குச் சொன்ன பொய்

அமெரிக்காவில் ஏரிக்கரை ஊரான டுலூத்தின் வானொலியில் முப்பது வருஷம் வானிலை வாசித்தவன் நான். தாளில் நாலு அங்குலப் பனி என்றிருந்தால் ஏழு என்று வாசிப்பேன். ஊரே பனி தள்ளும் மண்வெட்டியோடு வாசலில் வந்து நிற்கும். குறைவாக விழுந்தால் எல்லாருக்கும் சந்தோஷம், அதிகமாக விழுந்தால் எனக்குப் புகழ். யாருக்கும் நஷ்டமில்லாத பொய். ஓய்வு பெற்ற பிறகு அந்த மிச்ச மூன்று அங்குலத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவதென்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தபோதுதான் என் தம்பி மகள் சிக்னே எனக்கொரு வேலை கொடுத்தாள்.

சிக்னே விவாகரத்து வக்கீல். பெரிய அலுவலகம் ஒன்றில் உழைத்துக் களைத்து, போன வசந்தத்தில் தனியாகப் பெயர்ப்பலகை மாட்டினாள். பலகையைப் படிக்கத்தான் ஆள் வரவில்லை. மலைச்சாலை வளைவில் ஒரு ராட்சத விளம்பரம், பஸ்களின் முதுகில் அவள் முகம், இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்கும் இடம். மூன்றையும் ஒரே மூச்சில் வாங்கிவிட ஆசை. அதற்கு வீட்டை அடமானம் வைக்க வேண்டும். ஆனால் அவள் என்னைப் போல அல்ல, நிதானக்காரி.

"பெரியப்பா, காசைக் கொட்டுறதுக்கு முன்னாடி களத்துல யார் யார் நிக்கிறாங்கன்னு பார்க்கணும். யார் போர்டு எங்க இருக்கு, எந்த பஸ்ல யார் மூஞ்சி, எல்லாம். எனக்கு இடம் இருந்தாதான் இறங்குவேன். தப்பா இறங்கினா வீடு போயிடும்."

"நான் சுத்திப் பார்த்துட்டு வந்து சொல்றேன், விடு."

"பார்த்து மட்டும் சொல்லுங்க. நாலுன்னா நாலு. ஏழு இல்ல."

சுற்றினேன். மலைச்சாலையில் கரடிகளைவிட வக்கீல்கள் அதிகம். பஸ் நிறுத்த பெஞ்சில் உட்கார்ந்தால் யாராவது ஒரு வக்கீலின் மூக்கு மேல்தான் உட்கார வேண்டியிருக்கும். இந்த ஊரில் கல்யாணம் செய்துகொள்கிறவர்களைவிடப் பிரித்துவைக்கிறவர்கள் கூட்டம்தான் பெரிது என்று சத்தியம் செய்வேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் முகத்தைப் பார்த்து என்ன தெரியும்? கூப்பிட்டால் எப்படிப் பேசுகிறார்கள், எவ்வளவு இரக்கம் காட்டுகிறார்கள், அதுவல்லவா போட்டி? கட்சிக்காரன் மாதிரி நடித்து நானே எல்லாருக்கும் போன் போட்டுப் பார்ப்பதென்று முடிவு செய்தேன். சிக்னேயிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாமென்பாள் என்று தெரிந்ததால்தான் கேட்கவில்லை.

முதல் அலுவலகத்தில் ஒரு பெண் எடுத்தாள்.

"உங்க பேரு சொல்லுங்க சார். அப்படியே உங்க மனைவி பேரும்."

கதை தயாராக வைத்திருந்தேன், பெயர் வைத்திருக்கவில்லை. அன்று காலைதான் என் நண்பன் வால்ஃப்ரிட்டோடு மீன் பிடித்துவிட்டு வந்திருந்தேன். வாயில் அதுவே வந்தது.

"வால்ஃப்ரிட் நீமி. மனைவி லெம்பி."

இதில் என்ன கெடுதல் என்றுதான் நினைத்தேன். வால்ஃப்ரிட்டும் லெம்பியும் மாதிரி ஒரு ஜோடியை இந்த ஏரிக்கரை கண்டதில்லை. வால்ஃப்ரிட் வாய் திறந்தால் தேவாலயமே குலுங்கிச் சிரிக்கும். அவர்களுக்கும் விவாகரத்துக்கும் என்ன சம்பந்தம்?

பிறகு எல்லா இடத்திலும் அதே பெயர்கள்தான். கதை மட்டும் வளர்ந்தது. மூன்றாவது வக்கீலிடம் லெம்பி என் படகை விற்றிருந்தாள். ஆறாவது வக்கீலிடம், புகை போட்ட மீனை முழுசாகத் தூக்கி என் தலையில் அடித்திருந்தாள். பத்தாவது வக்கீலிடம் வந்தபோது, என்னை நீராவி அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். நான் வெந்த உருளைக்கிழங்காக வெளியே வந்தேன். அந்த வக்கீல் அம்மாவுக்குக் குரலே உடைந்துவிட்டது. "கவலைப்படாதீங்க மிஸ்டர் நீமி. எங்ககிட்ட மனசு விட்டுப் பேசிட்டீங்க இல்ல? இனிமே உங்க மனைவியே வந்து நின்னாலும் அவங்க கேஸை நாங்க தொட மாட்டோம்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பதினோரு பேர், ஒருவரும் என்னைச் சந்தேகிக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, ஏலக்காய் ரொட்டி ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, என் சாகசத்தைச் சொல்லிச் சிரிக்கலாமென்று சிக்னேயின் அலுவலகத்துக்குப் போனேன். முன்னறையில் லெம்பி உட்கார்ந்திருந்தாள்.

"லெம்பி? நீ எங்க இங்க?"

அவள் கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள். "வால்ஃப்ரிட்டை விட்டுப் போறேன், ஆர்வோ."

"வெளையாடாத."

"வெளியதான் அவர் வெளையாட்டெல்லாம். வீட்டுக்குள்ள என்கிட்ட பேசி ஆறு வருஷமாச்சு. உப்பு வேணும்னாக்கூட எழுந்து போய் அவரே எடுத்துக்குவார், கேட்க மாட்டார்."

வாராவாரம் ஒரே படகில் உட்கார்ந்தவன் நான். எனக்குத் தெரியாது.

"போட்டும். ஆனா எனக்கு ஒரு வக்கீல் கிடைக்கல" என்று தொடர்ந்தாள். "எல்லா ஆபீஸும் ஏறி இறங்கிட்டேன். முதல்ல அன்பாத்தான் பேசறாங்க. என் பேரும் அவர் பேரும் சொன்னதும், ஒரு நிமிஷம் இருங்கங்கிறாங்க. உள்ள போயிட்டு வந்து, மன்னிச்சுக்கங்க, எங்களால முடியாதுங்கிறாங்க. எங்க போனாலும் இதே கதை. அவர் எல்லாருக்கும் வேண்டியவர், ஆர்வோ. எனக்குன்னு நிக்க இந்த ஊர்ல ஒருத்தர் இல்ல. ரெண்டு தடவை பெட்டியைக் கட்டிட்டுத் திரும்பப் பிரிச்சு வச்சேன். உன் தம்பி பொண்ணு மட்டும்தான் வாங்க, உக்காருங்கன்னா."

ரொட்டி கக்கத்தில் கல்லாகக் கனத்தது.

உள்ளேயிருந்து சிக்னே கையாட்டினாள். அவளுக்கு எதிரே விளம்பரக் கம்பெனி டுவேன், ஒப்பந்தத்தை மேசை மேல் விரித்து வைத்திருந்தார். அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பார்த்து வருஷக்கணக்காகிறது.

"பெரியப்பா, போர்டுகளைப் பார்த்து நாம பயந்துட்டோம். ஊர்ல ஒரு ஆபீஸ்கூட புது கேஸ் எடுக்கலையாம், லெம்பி சொன்னாங்க. எல்லாம் நிரம்பி வழியுது! இதைவிட வேற என்ன ஆதாரம் வேணும்? இன்னிக்கே கையெழுத்து போடறேன்."

"சீக்கிரம் போடுங்க மேடம்" என்றார் டுவேன். "வளைவு போர்டுக்கு இன்னொருத்தர் வரிசைல நிக்கிறார்."

"ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினேன். காரில் உட்கார்ந்து முதல் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். சிக்னேவுக்குத் தெரியாமலே அவிழ்த்துவிடலாமென்ற நப்பாசை.

"அம்மா, ரெண்டு வாரம் முன்னாடி வால்ஃப்ரிட் நீமின்னு பேசினது நான்தான். அத்தனையும் பொய். தயவுசெஞ்சு அழிச்சிடுங்க."

"அப்படி யாராவது பேசினாங்களா இல்லையான்னுகூட நாங்க வெளிய சொல்ல முடியாது சார். கட்சிக்காரர் ரகசியம்."

நான் சொன்ன பொய்யை எனக்கு எதிராகவே பத்திரமாகப் பூட்டி வைத்திருந்தார்கள். திரும்ப உள்ளே போனபோது சிக்னேயின் பேனா தாளைத் தொடவிருந்தது.

"போடாத" என்றேன்.

டுவேனைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். நான் சொன்னேன். நாலை நாலாகவே சொன்னேன். ஒரு இடத்தில்கூட அவள் சிரிக்கவில்லை.

"எத்தனை பேர்கிட்ட?"

"எல்லார்கிட்டயும். உன்னைத் தவிர."

"பேர் எதுக்குக் கேக்கறாங்கன்னு ஒரு தடவையாவது யோசிச்சீங்களா? புருஷன் பேசின இடத்துல பொண்டாட்டி நுழைய முடியாது பெரியப்பா. அது எங்க தொழிலோட முதல் சட்டம். சில புருஷன்மாரு வேணும்னே பண்ற வேலை இது, ஒவ்வொரு கதவா சாத்திட்டு வர்றது. நீங்க அதை வால்ஃப்ரிட் பேர்ல பண்ணிட்டு வந்திருக்கீங்க."

"நான் போட்டியைப் பார்க்கத்தான்..."

"எனக்கு வேலை செய்யற ஆள் பொய் சொன்னா அது நான் சொன்னதாத்தான் அர்த்தம். லைசென்ஸ் என்னோடது." கண்ணாடி வழியே லெம்பியைப் பார்த்தாள். "அவங்களையும் நான் வச்சுக்க முடியாது. உங்க பொய் தள்ளிக்கிட்டு வந்து விட்டதாலதான் அவங்க என் நாற்காலில உக்காந்திருக்காங்க."

அன்று மாலைக்குள், போனில் பேசியது வால்ஃப்ரிட் இல்லை, நான்தான், அத்தனையும் பொய் என்று நோட்டரி முன்னால் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டேன். மறுநாள் அதன் நகல்களை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு அலுவலகமாக, என் சொந்த முகத்தோடும் வானொலிக் குரலோடும் போனேன்.

போன் போட்டபோது தெரியாததெல்லாம் அன்றுதான் தெரிந்தது. ஓரிடத்தில் கதவைத் திறந்தவர் வக்கீலேதான். கேஸ் வந்துவிட்டதென்று நினைத்து என் மேல்கோட்டை அவரே வாங்கி மாட்டினார். விஷயத்தைச் சொன்னதும், அதே கோட்டைத் திரும்ப எடுத்துக் கொடுத்தார். இன்னோரிடத்தில் வரவேற்பறை மீன்தொட்டிக்கு இரண்டு பேர் சேர்ந்து தீனி போட்டுக்கொண்டிருந்தார்கள். மலைச்சாலையில் இருபதடி உயரத்துக்குப் பல்லைக் காட்டி நிற்கிற மனிதர், நேரில் மதியச் சாப்பாட்டு டப்பாவை மேசையில் வைத்துக்கொண்டு ஏரியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "அந்த போர்டுக்குக் கட்டறதுக்குத்தான் சார் வேலையே பார்க்கிறேன்" என்றார், என் மேல் கோபப்படக்கூட மறந்துபோய். போனில் குரல் உடைந்த அந்த அம்மா மட்டும் தாளை இரண்டு தரம் படித்துவிட்டு, "நீராவி அறையுமா பொய்?" என்று கேட்டார். ஆமென்று தலையை ஆட்டினேன். "எனக்கு அன்னிக்குத் தூக்கம் வரல" என்றார்.

சிக்னேயிடம் வந்து சொன்னேன்: "மூணு பேருக்குத்தான் வேலை இருக்கு. மத்தவங்க எல்லாம் காத்துக்கிட்டு இருக்காங்க. இங்க இடம் இல்லம்மா."

அவள் ஒப்பந்தத்தைக் கையெழுத்தில்லாமலே டுவேனுக்குத் திருப்பி அனுப்பினாள். வீடு தப்பியது. வக்கீல் சங்கத்துக்கும் நடந்ததை அவளே எழுதிவிட்டு, என்ன பதில் வருமென்று காத்திருக்கிறாள். என்னிடம் பேசத்தான் செய்கிறாள். ஆனால் வேலை எதுவும் சொல்வதில்லை.

லெம்பியின் வழக்கை நீராவி அறைக்காக வருந்திய அந்த அம்மாவே எடுத்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்க, லெம்பி குடிபோயிருந்த அவள் அக்கா வீட்டுக்குப் போனேன். லெம்பிதான் காபி ஊற்றினாள்.

"என்னை ஏன் மீனால அடிக்க வச்ச?"

"வாய்ல வந்துச்சு, லெம்பி."

"அவரை நான் எதாலயும் அடிச்சதில்ல." கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஊரே எனக்கு முதுகைக் காட்டுதுன்னு ரெண்டு வாரம் நம்பினேன் ஆர்வோ. அது ஊர் இல்ல, நீ ஒருத்தன்."

என் கோப்பையை நானே கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

வால்ஃப்ரிட்டிடமும் சொன்னேன். படகு ஆட ஆட விழுந்து விழுந்து சிரித்தான், நீராவி அறையைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டான். இன்றைக்கும் சனிக்கிழமைகளில் கூப்பிடுகிறான், நானும் போகிறேன். தூண்டிலைப் போட்டதிலிருந்து கரையேறும்வரை அவன் ஓயாமல் பேசிக்கொண்டே வருகிறான். எனக்கு அவன் வீட்டில் வாய் திறந்து கேட்காத அந்த உப்புப் புட்டிதான் ஞாபகத்துக்கு வருகிறது.