கீழ்க் கொட்டிலில் பொங்கல்

கீழ்க் கொட்டில் மாடுகளின் கழுத்தில் செவ்வந்தி மாலையைக் கண்டதும் அழகையா அப்படியே நின்றுவிட்டான். முதலாளி டாக்டர் துரைக்காகக் கண்டி டவுனிலிருந்து தூக்கி வந்த மருந்துக் கூடை கையிலேயே தொங்கியது.

மாட்டுப் பொங்கலன்று விடிந்ததிலிருந்து பாலம்மாவுக்கு இடுப்பு நிமிர நேரமில்லை. புருஷனின் முகம் மலர்வதைப் பார்க்கத்தான் கொட்டில் வாசலுக்கு ஓடி வந்திருந்தாள்.

"யாரு புள்ள இங்க வந்தது?"

"வேற யாரு? எல்லாரையும் குளிப்பாட்டி, பொட்டு வச்சு, பொங்கலும் ஊட்டியாச்சு. இனிக் குளிப்பாட்ட நீங்கதான் பாக்கி."

அவன் சிரிக்கவில்லை.

"நல்லா நிக்கிற மேல் கொட்டில் மாட்டுக்கும் ஊட்டினியா?"

"அதுங்க என்ன பாவம் செஞ்சுச்சு? இதுங்க எலும்பும் தோலுமா இருக்குன்னு மொதல்ல இதுங்களுக்கு. பெறகு மேல. கடைசியா நம்ம செவலைக்கு."

"ஒரே சட்டியிலயா?"

"இது என்ன கேள்வி?"

ஒன்று வாய்வைத்த மிச்சத்தை அடுத்ததற்கு ஊட்டுவதுதான் அவள் பிறந்த வீட்டு வழக்கம். அப்படிச் செய்தால் பட்டி பிரியாமல் பெருகும் என்று நம்பினார்கள். செவலையும் அந்தப் பட்டியில் பிறந்ததுதான். பன்விலைக் கோப்பித் தோட்டத்திலிருந்து, ஆவணியில் நடந்த கல்யாணத்துக்குச் சீதனமாக அவளோடு நடந்தே வந்த கிடாரி.

அழகையா கூடையைக் கீழே வைத்தான்.

"பாலா, இதுங்களுக்கு வெக்கைச் சீக்கு. ஒண்ணுக்கு வந்தா பட்டியே காலியாயிரும். தானா வந்ததில்ல. வெக்கையில செத்த மாட்டோட எச்சியத் தடவி, டாக்டர் தொரையே வர வச்சாரு. எந்த மருந்துக்குக் கேக்குதுன்னு பாக்கத்தான் இந்தக் கொட்டில்."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது, தன் உள்ளங்கையைப் பார்த்தாள். இன்னும் சர்க்கரை ஒட்டிக்கொண்டிருந்தது. அதே கையைத்தான் செவலை சொரசொரவென்று நக்கியது.

"வேணும்னேவா? நல்லா நின்ன மாட்டுக்கு வேணும்னே சீக்கு குடுப்பாங்களா?"

"ஊரு மாடு பொழைக்கணும்னு செய்யறாரு தொர."

"நீங்களும் கூட நின்னு புடிச்சீங்களா?"

அவன் தலை குனிந்தான்.

தினமும் சாயங்காலம் மகாவலி ஆற்றில் முங்கி, கரையில் வைத்திருக்கும் மாற்று வேட்டியைக் கட்டிக்கொண்டுதான் அவன் வீட்டுக்குள் வருவான். "எம் புருஷன் தொரையவிடச் சுத்தம்" என்று, எதைக் கழுவிவிட்டு வருகிறான் என்று தெரியாமலே பெருமையடித்தவள் அவள். கீழ்க் கொட்டில் மாடு முட்டும், கிட்டப் போகாதே என்று அவன் சொன்னதையும் நம்பினாள். இன்று கிட்டப் போனால் ஒன்றுகூட முட்டவில்லை. பாவம், தலை தூக்கவே அவற்றுக்குச் சக்தியில்லை.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா கெடாரியப் புடிச்சுக்கிட்டு பன்விலைக்கே போயிருவேன்னு பயந்தேன்." சட்டென்று அவள் தோளைப் பிடித்தான். "இப்ப நானே சொல்றேன், போயிரு. தொர வந்தா செவலையையும் இங்க கட்டச் சொல்லுவாரு. அதுக்குள்ள ஓட்டிக்கிட்டுப் போ. நான் வாயத் தெறக்க மாட்டேன்."

ஒரு கணம் அவள் கால்கள் கிளம்பவே பார்த்தன. கீழே கட்டுகஸ்தோட்டை ஆற்றுத் துறையில் கோப்பி வண்டிகள் வரிசையாக நின்றன. அவிழ்த்துவிட்ட மாடுகள் மூக்கோடு மூக்கு இடித்துக்கொண்டு தண்ணீர் குடித்தன. செவலையோடு அந்தத் துறையைத் தாண்டித்தான் பன்விலைக்குப் போகவேண்டும். போய்ச் சேர்ந்தால் அப்பாவின் பட்டி. தோட்டத்து லய வீடுகளின் பிள்ளைகளுக்கெல்லாம் பால் கொடுக்கிற பட்டி.

பாலம்மா வீட்டுப் பின்பக்கம் போய்ச் செவலையை அவிழ்த்தாள். மாலையும் மணியுமாக அது துள்ளிக்கொண்டு வந்தது. துறைப்பக்கம் திரும்பாமல், நேரே கீழ்க் கொட்டிலுக்குள் கூட்டிப்போய் மூலையில் கட்டினாள். அழகையா பின்னாலேயே வந்தான்.

"பாலா, நீ ஏன் உள்ள..."

"நாந்தானே ஊட்டினேன். நானே பாத்துக்கறேன்." படலை இழுத்துச் சாத்தினாள். "தொரைக்கிட்ட உள்ளத உள்ளபடி சொல்லுங்க. இனி எங்கிட்டயும்."

அவன் படலைப் பிடித்துக்கொண்டே நின்றான். உள்ளே செவலை அவள் முந்தானையை முகர்ந்து, இன்னும் பொங்கல் இருக்கிறதா என்று தேடியது.

"நின்னுக்கிட்டே இருந்தா எப்படி?" அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "போங்க. ஆத்தங்கரையில ஒங்க வேட்டிக்குப் பக்கத்துல எனக்கும் ஒரு மாத்துச் சேல வைங்க."