சுப்பராயன் கழனியில் ஆந்தை

"பாம்... பாம்ம்ம்!" என்று அலறிக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் ஒரு டாட்டா ஏஸ் வந்து நின்றது. குதித்து இறங்கியவர் சுப்பராயன். எளாவூர்ப் பக்கத்தில் பெரிய கழனிக்காரர். நேரே ஐந்தாம் வகுப்புக்குள் நுழைந்தார். அங்கிருந்த புத்தக பீரோ அவர் கொடுத்த நன்கொடை.

"டீச்சர், பீரோவைக் காலி பண்ணுங்க. தூக்கிக்கினு போறேன்!"

கல்பனா டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தார். பீரோ போனால் புத்தகங்களை மூட்டை கட்டித் தலைமை ஆசிரியர் அறையில் போட்டுவிடுவார்கள். பாம்பு, ரயில் இன்ஜின், வயிற்றுக்குள் சோறு போகும் வழி... கதையல்லாத இந்தப் புத்தகங்களைக் காட்டித்தான், எழுத்துக்கூட்டித் திணறிய வகுப்பை அவர் வாசிக்க வைத்திருந்தார். 'படிச்சதைச் செஞ்சு பாருங்க' என்று வேறு சொல்லித் தொலைத்திருந்தார்.

"என்னங்க ஆச்சு?"

"உங்க பசங்க என் கழனியில குறுக்குக் கட்டை கட்டி ஒரு கொம்பு நட்டு வெச்சுக்கீறாங்க. அது மேல ஆந்தை குந்திக்கினு எங்க ஊட்டையே பாக்குது! வெள்ளிக்கிழமை எம் பொண்ணைப் பொண்ணு பாக்க வர்றாங்கோ. ஆந்தையை வெச்சா வரவேற்கிறது?"

மொத்த வகுப்பும் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டது. ஸ்நேகா மட்டும் எழுந்தாள்.

"அது மாப்பிள்ளையைப் பாக்காது பெரிப்பா, எலியைத்தான் பாக்கும். புக்குல போட்டுக்குது."

"புக்குல ஆயிரம் போடுவான்!"

அதற்குள் அன்பு ஒரு பிஸ்கட் டப்பாவை மேஜைமேல் கவிழ்த்தான். கருப்பு உருண்டைகள் ஓடின.

"த்தூ! இன்னாடா இது?"

"ஆந்தை துன்னுட்டுக் கக்குனது. கொம்புக்குக் கீழ பொறுக்கினோம். கையை நீட்டுங்க."

ஏனோ நீட்டிவிட்டார். உள்ளங்கையிலேயே ஒன்றை உடைத்தாள் ஸ்நேகா. மயிர், எலும்பு, நடுவே நீண்ட மஞ்சள் பல்லோடு ஒரு சின்ன மண்டை ஓடு.

சுப்பராயன் உதறவில்லை. கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். போன போகத்தில் அவர் நெல்லை அறுத்துத் தள்ளிய பல். மருந்து வைத்தும் மசியாத பல்.

"இன்னொண்ணு ஒடை."

அதில் இரண்டு மண்டை.

பின்னால் டிரைவர் பீரோவை நகர்த்தத் தொடங்கியிருந்தான்.

"டேய், அதுல கை வெக்காத!"

"அப்போ மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க?" என்றான் அன்பு.

"அவங்களை நான் பாத்துக்குறேன்." வாசலை ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு, சுப்பராயன் பிள்ளைகள் பக்கம் குனிந்தார்.

"பக்கத்துக் கழனி குப்புராஜுக்கும் ஒரு கொம்பு நட்டுக்கீறீங்கல்ல? அத்தப் புடுங்கி, எனக்கே நட்டுடுங்க கண்ணுங்களா."