ஆயில் மேல் போட்ட பழி

என் கணவர் வசந்தகுமாரின் சாவுக்குக் காரணம் அவர் காருக்கு மாற்றிய புது ஆயில்தான் என்று அருவங்காட்டில் பேச்சாகிவிட்டது. டீக்கடையில் பேசினார்கள், ரேஷன் கடை வரிசையில் பேசினார்கள். துக்கம் விசாரிக்க வந்த ஒரு அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டே, "எதுக்கும்மிணி உங்க ஊட்டுக்காரருக்கு அந்த விஷப்பரீட்சை?" என்று கேட்டார். நான் கையை உதறிக்கொண்டு உள்ளே போனேன். துக்கம் தாளாமல் போகிறாள் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு வந்தது கோபம்.

பேச்சைக் கிளப்பிவிட்டவர் வேறு யாருமில்லை. என் கணவரின் கூடப்பிறந்த அண்ணன் ஜெகதீசன். சிறு தோட்டக்காரர்களிடம் பச்சைத் தேயிலை எடுத்து ஃபேக்டரிக்குக் கொண்டுபோகும் பிக்கப் வண்டிகள் அவருக்கு இருக்கின்றன. இளம் வயதிலிருந்தே ஸ்டியரிங் பிடித்தவர். எங்கள் குடும்பத்தில் வண்டி வாங்கவும் விற்கவும், ஏன், வண்டிக்கு எலுமிச்சம்பழம் கட்டவும்கூட அவரைத்தான் கேட்க வேண்டும்.

அவரைக் கேட்காமல் என் கணவர் செய்த இரண்டே காரியங்கள், அந்தக் காரை வாங்கியதும் அதற்கு ஆயில் மாற்றியதும்தான்.

வெடிமருந்துத் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது அவருக்கு இடது முழங்கால் தேய்ந்திருந்தது. மலையில் கிளட்ச் மிதித்து மிதித்துத் தேய்ந்த கால் என்று டாக்டரிடம் சொல்லிச் சிரிப்பார். அதனால் கிளட்ச் இல்லாத கார் வேண்டும் என்று தேடினார். வெலிங்டனிலிருந்து மாற்றலாகிப் போன ஒரு ராணுவ அதிகாரியின் பழைய ஆட்டோமேட்டிக் கார் கிடைத்தது. அந்தக் காரில்தான் ஐம்பது வயதுக்கு மேல் எனக்கும் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். நான் எத்தனை முறை சுவரோரம் உரசினாலும், "சுவருக்கு ஒண்ணும் ஆகலையே" என்பார். அப்படிப்பட்ட மனிதர். அந்தக் குணத்தின் மேலும் எனக்குக் கோபம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்த மழைக்காலத்தில் கார் மக்கர் செய்யத் தொடங்கியது. பர்லியாறிலிருந்து குன்னூர் ஏறும்போது கியர் மாறுகிற இடங்களில் பின்னாலிருந்து யாரோ உதைப்பதுபோலக் குலுங்கியது. அவர் நாலு பேரிடம் கேட்டு, நாலு இடத்தில் படித்து, கியர்பாக்ஸ் ஆயில் வெந்து போயிருக்கிறது என்று முடிவுக்கு வந்தார். மலை ஏறும் வண்டியில் அந்த ஆயில் சீக்கிரம் சூடாகிக் கெட்டுவிடும், சிந்தெடிக் ஆயில் சூட்டைத் தாங்கும் என்றார். பொங்கலுக்கு எல்லாரும் கூடியிருந்தபோது அண்ணனிடம் இதைச் சொன்னார்.

"ஆட்டோமேட்டிக்ல ஆயிலே மாத்தக் கூடாதுடா" என்றார் ஜெகதீசன். "வண்டி சாகற வரைக்கும் ஒரே ஆயில்தான். கம்பெனிக்காரனே சொல்றான்."

"அது கீழ ஓட்டறவனுக்குச் சொன்னதுங்கண்ணா. நாம ஏறி எறங்கறது மலையாச்சே."

"ஏன், மலைக்குன்னு தனியாச் செக்குல ஆட்டித் தர்றானா?"

வீடே சிரித்தது. என் கணவரும் சேர்ந்து சிரித்தார்.

ஆனால் போய் மாற்றினார். கோயம்புத்தூரில் நெல்சன் என்பவரின் ஒர்க் ஷாப்புக்கு நானும் கூடப் போனேன். அடியில் நட்டைக் கழற்றியதும் இறங்கியது ஆயிலே அல்ல. சுண்டக் காய்ச்சிய கஷாயம். தீய்ந்த வாடை. ஒரே தடவையில் எல்லாம் இறங்காது, பாதிக்கு மேல் உள்ளேயே தங்கிவிடும் என்று நெல்சன் சொன்னார். அதனால் புதிதை ஊற்றி, காரை ஓட்டி, மறுபடி இறக்கி, மறுபடி ஊற்றி, மூன்றாம் முறை இறக்கியபோதுதான் ஆயில் மாதுளைச் சாறு நிறத்தில் வந்தது. என் கணவர் அதைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் காட்டச் சொன்னார். கிளம்பும்போது நெல்சன் ஒன்று சொன்னார்.

"சார், எஞ்சின் ஓடுனாத்தான் இந்த ஆயில் உள்ள சுத்தும். கயிறு கட்டி இழுக்கக் கூடாது. மலை எறங்கறப்ப எஞ்சின ஆஃப் பண்ணி உருட்டக் கூடாது. உள்ள இருக்கற தகடெல்லாம் காஞ்சு உரசிப்போயிரும்."

அன்று திரும்பும்போது கல்லாறு தாண்டி வளைவுகளில் கார் ஏறிய அழகை என்னவென்று சொல்வது. கியர் மாறுவதே தெரியவில்லை. ஒவ்வொரு முறை மாறும்போதும் அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். நான் தலையை ஆட்ட வேண்டும், அதற்காக.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் மலையில் பழைய டிரைவர்களுக்கு ஒரு வழக்கம். குன்னூர் தாண்டி இறக்கம் தொடங்கியதும் எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் போட்டு, பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டு கீழே வரை உருட்டிக்கொண்டே போவார்கள். பெட்ரோல் மிச்சமாம். எத்தனை வளைவு வரை சாவியைத் தொடாமல் போனேன் என்று பேசுவது அவர்களுக்குப் பெருமை. இரண்டாவது கியரில் இறங்குங்கள் என்று சாலையெங்கும் பலகை வைத்திருப்பது ஊர் சுற்ற வருகிறவர்களுக்கு, தங்களுக்கு அல்ல என்று நினைப்பு. இப்படி இறக்கித்தான் ஜெகதீசன் நாற்பது வருடம் வண்டி ஓட்டினார்.

மலைக்குக் கீழே காரமடையில் ஒரு கல்யாணம் வந்தது. அவர் மனைவி ஜோதிமணி அக்காவின் சொந்தம். பட்டுச் சேலை கட்டிக்கொண்டு பிக்கப்பில் போக முடியாது என்று எங்கள் காரைக் கேட்டார்கள். எனக்குக் கொடுக்க மனமில்லை. என் கணவர் கொடுத்தார். கேட்டருகே நின்று, "அண்ணா, எறங்கறப்ப எஞ்சின மட்டும் ஆஃப் பண்ணிராதீங்க" என்றார்.

"நீ எனக்கு வண்டி ஓட்டச் சொல்லித் தர்றியா?" என்று கேட்டுவிட்டு ஜெகதீசன் காரை எடுத்தார்.

மறுநாள் கொண்டுவந்து விட்டபோது சாவியை மேசையில் போட்டு, "போறதுக்கு ஒரு டம்ளர் பெட்ரோல்கூடச் செலவாகியிருக்காது. உன்ற புது ஆயிலு செஞ்ச வேலையில்ல, என்ற காலு செஞ்ச வேலை" என்று சிரித்தார். அண்ணன் போன பிறகு என் கணவர் வெளியே போய்க் காரை ஸ்டார்ட் செய்து, கியரில் போட்டு, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"ஆஃப் பண்ணித்தான் உருட்டியிருக்காரு. கேளுங்க அவர" என்றேன்.

"உடு ராஜி. பெரியவரு. அடுத்த வாரம் நெல்சன்கிட்ட காட்டிக்கலாம்."

அடுத்த வாரம் வரவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார். சட்டையெல்லாம் வேர்வை. ஆம்புலன்ஸ் கோத்தகிரியிலிருந்து வர வேண்டும் என்றார்கள். கார் வாசலில் நின்றது. அவரை ஏற்றி நானே ஊட்டிக்கு ஓட்டினேன்.

எல்லநள்ளி தாண்டிய ஏற்றத்தில் கார் நின்றது. எஞ்சின் நிற்கவில்லை. நான் மிதிக்க மிதிக்க அது அலறியது. கார் மட்டும் நகரவில்லை. பின்னால் வழுக்கத் தொடங்கியதும் பிரேக்கை மிதித்தேன். பனிமூட்டத்தில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. தீய்ந்த வாடை உள்ளே வந்தது. அவர் கையை நீட்டிக் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி மறுபடி போட்டுப் பார்த்தார். அப்போதும் நகரவில்லை.

"அண்ணன் உருட்டினதுதான்" என்றார். மூச்சு வாங்கியது. பிறகு சொன்னார்: "அவருகிட்டக் கேட்டுறாத ராஜி. தாங்கமாட்டாரு."

நான் சாலையில் நின்று கையை ஆட்டினேன். இரண்டு டூரிஸ்ட் வேன்கள் ஹாரன் அடித்துக்கொண்டு ஒதுங்கிப் போயின. கடைசியில் ஒரு கேரட் வண்டிக்காரர் நிறுத்தினார். மூட்டைகளுக்கு நடுவில் என் கணவரின் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போதே அவர் இல்லை.

அவர் கடைசியாகப் பேசியது என்னைப் பற்றி அல்ல. நீ என்ன செய்வாய் என்று கேட்கவில்லை. அண்ணன் தாங்கமாட்டாராம்! இத்தனை வருடம் கூட வாழ்ந்தவளை ஏற்றத்தில் நிறுத்திவிட்டு, அண்ணனின் மனசுக்கு முட்டுக்கல் வைத்துவிட்டுப் போனார். இதற்காக அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இருந்தும் சொன்ன சொல்லுக்காக வாயை மூடிக்கொண்டேன். காரை லாரியில் ஏற்றி நெல்சனிடம் அனுப்பினேன். அவர் பிரித்துப் பார்த்துவிட்டுப் போன் செய்தார். "ஆயில் மேல குத்தமில்லீங்கம்மா. எஞ்சின் ஓடாம சக்கரம் மட்டும் ரொம்பத் தூரம் சுத்தியிருக்கு. கட்டி இழுத்தீங்களா?" என்றார். இல்லை என்றேன். அதற்கு மேல் அவரிடமும் சொல்லவில்லை.

ஜெகதீசன் வாயை மூடவில்லை. பாடை தூக்கும்போதே ஆரம்பித்துவிட்டார். "நான் அப்பவே சொன்னேன், அந்த ஆயில ஊத்தாதடான்னு." சுடுகாட்டிலும் சொன்னார். கருமாதிப் பந்தலிலும் சொன்னார். ஒவ்வொரு முறையும் நிஜமாகவே அழுதார். அந்த அழுகையைப் பார்த்துத்தான் ஊர் நம்பியது. தம்பி தன் புத்தியால் தானே கெட்டான் என்று, செத்தவரை முட்டாளாக்கிவிட்டு எல்லாரும் அவர் அண்ணனைத் தேற்றினார்கள்.

கருமாதி முடிந்த மறுநாள் கூடத்தில் சொந்தக்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஜெகதீசன் என்னைக் கூப்பிட்டார்.

"அம்மிணி, காருக்கு ஒரு பார்ட்டி சொல்லியிருக்கறேன். கியர்பாக்ஸ் போனத வெச்சுட்டு நீ என்ன பண்ணப்போற? பாக்கறப்பெல்லாம் வயிறெரியும். அந்தக் கருமம் புடிச்ச ஆயில மட்டும் ஊத்தாம இருந்திருந்தா என்ற தம்பி இன்னைக்கு…"

"மாமா, காரமடைக்குப் போனப்ப எஞ்சின ஆஃப் பண்ணித்தானே எறக்குனீங்க?"

அவர் மறைக்கக்கூட இல்லை. "ஆமா. அதுக்கென்ன?"

"அதுலதான் கியர்பாக்ஸ் போச்சு. எஞ்சின் ஓடலீன்னா அந்த ஆயில் சுத்தாது. பிரிச்சுப் பாத்தவரு சொல்லிட்டாரு. உங்க தம்பியும் உங்களுக்குச் சொன்னாரு, கேட்டுல நின்னு."

இதைச் சொன்னதும் வானம் இடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் இடியவில்லை. என் கணவரின் சித்தப்பா மகன் அண்ணாதுரை, அவரும் டிரைவர்தான், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எல்லாருந்தானுங்க அண்ணி அப்படி எறங்கறோம்" என்றார்.

"அதானே" என்றார் இன்னொருவர். "எஞ்சினே ஓடல, அப்பறம் கியர்பாக்ஸ் எப்படிங்க கெடும்? சும்மாதானே இருந்துச்சு?"

தலைகள் ஆடின. அவர்களுக்கு என் மேல் பரிதாபம். துக்கத்தில் இருப்பவள் யார் மீதாவது பழி போடத்தானே செய்வாள் என்ற பரிதாபம். ஜெகதீசன்கூட, "உடு, அது மனசு ஆறட்டும்" என்றார். அந்த டம்ளர்களையெல்லாம் அவர்கள் கையிலிருந்து தட்டிவிட வேண்டும்போல இருந்தது.

சமையலறை நிலைப்படியிலிருந்து ஜோதிமணி அக்காவின் குரல் வந்தது.

"நானும் வண்டியில இருந்தேனுங்க."

எல்லாரும் திரும்பினார்கள். சொந்தக்காரர்கள் முன்னால் அவர் பேசி நான் கேட்டதில்லை.

"குன்னூர் தாண்டுனதும் சாவியத் திருப்புனாரு. ஏனுங்க, கொழுந்தனாரு வேண்டாமுன்னு சொன்னாரேன்னு கேட்டேன். அவன் புஸ்தகத்தப் படிச்சு ஓட்டறவன், நான் மலையப் படிச்சவன்னாரு."

"ஜோதி, உள்ள போ."

"போகலீங்க. அன்னைக்கு வாயக் கட்டிட்டு உக்காந்திருந்தேன், ஒரு ஆளு போயிருச்சு. இன்னும் எத்தன நாளைக்கு அந்த மனுசன் பேர ஆயில்ல முக்குவீங்க? கேக்கக் கேக்க எனக்குச் சோறு எறங்கல."

அண்ணாதுரை தரையைப் பார்த்தார். ஒருவரும் 'எல்லாருந்தான்' என்று இப்போது சொல்லவில்லை. ஜெகதீசன் மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வண்டி சரியில்லைன்னு அவன் என்கிட்ட ஏன் ஒரு வார்த்தை சொல்லல?" என்றார்.

அங்கே நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"கார் நின்ன எடத்துலயே அவருக்குத் தெரிஞ்சு போச்சுங்க மாமா. உங்களக் கேக்க வேண்டாமுன்னு சொன்னாரு. தாங்கமாட்டீங்களாம்."

"வசந்தனா சொன்னான்?"

"மூச்சு வாங்கறப்ப சொன்னாரு."

அவர் எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். துண்டை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டார். முன்பு அழுத அழுகைக்குச் சத்தம் இருந்தது, இதற்கு இல்லை. என் கணவர் சொன்னது சரிதான், அவரால் தாங்க முடியவில்லை. தெரிந்தேதான் சொன்னேன். எனக்கு ஆறுதலாகவும் இல்லை, வருத்தமாகவும் இல்லை.

அதற்குப் பிறகு ஜெகதீசன் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. ஜோதிமணி அக்கா மட்டும் வருகிறார், உட்காருகிறார், போகிறார். ஊரில் இப்போது ஆயில் பேச்சு நின்றுவிட்டது. புருஷன் கடைசியாகச் சொன்ன சொல்லைக் காப்பாற்றாதவள் என்று என்னைப் பேசுகிறார்கள். பேசட்டும். அது என் பெயர், நான் சுமந்துகொள்கிறேன்.

போன வாரம் நெல்சன் போன் செய்தார். வேறொரு கியர்பாக்ஸ் கிடைத்துவிட்டது, பூட்டியாகிவிட்டது என்றார். பிறகு தயங்கினார்.

"ஆயில் எதும்மா ஊத்தட்டும்? அதே சிந்தெடிக்கா? இல்ல, உங்க ஊர்ல என்னமோ பேசிக்கறாங்கன்னு கேள்விப்பட்டேன், அதான்…"

"ஊருக்கா ஊத்தப் போறீங்க? என்ற காருக்குத்தானே? அதையே ஊத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.