கோடு போட்ட ஏழு

கேம் ரசிகன் என்ற பிறவியைப் பன்னிரண்டு வருடமாகக் கவனித்து வருகிறேன். நானும் அந்தக் கூட்டம்தான், அதனால் சொல்ல உரிமை உண்டு. ஒரு கேம் வெளிவருவதற்கு முன் அதைத் தெய்வம் என்பான். வெளிவந்த அன்று குப்பை என்பான். அடுத்த வாரமே அந்தக் குப்பையின் அடுத்த பாகம் எப்போது என்று அடித்துக்கொள்வான். நடுவில் அதை விளையாட மட்டும் அவனுக்கு நேரம் கிடைப்பதில்லை.

என் பெயர் விஜிதரன். இலங்கை மலையகத்தில், மஸ்கெலியா டவுனில் நிப்ராஸ் நானாவின் கடையில் போன் திருத்துகிறேன். வீடு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று, அம்மாவோடு. வேலை முடிந்து வந்ததும் ‘ஊர்ஜிதம்’ என்ற என் பக்கத்தில் தமிழில் கேம் செய்தி எழுதுவேன். ஆறாயிரத்துச் சொச்சம் பேர் படிக்கிறார்கள். மற்ற பக்கங்களுக்கு லட்சக்கணக்கில் ஆட்கள். அவர்களுடைய செய்தி எப்படியிருக்கும் என்றால், ‘கசிந்தது! அதிர்ச்சி!’ என்று சிவப்பு எழுத்தில் தலைப்பு, வாயைப் பிளந்தபடி ஒருவனுடைய மூஞ்சி. உள்ளே போனால் யாரோ ஒருவனின் மச்சான் அந்தக் கம்பனிக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருக்கிறானாம், அவன் சொன்னானாம்.

என் பக்கத்துக்கு ஒரே சட்டம். மூன்று ஆதாரம் இல்லாமல் ஒரு வரி போடமாட்டேன். ஆறு வருடத்தில் அங்கே ஒரு பொய்ச் செய்தி வந்ததில்லை. வாழ்க்கையில் நான் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்ள இருந்தது அது ஒன்றுதான். அதை யாராவது குறை சொன்னால் இரண்டு நாளைக்குச் சோறு இறங்காது.

போன சித்திரை மாதம் ‘அயர்ன் ஹார்னெட் 3’ என்ற கேமின் டிரெய்லர் வந்தது. துப்பாக்கிச் சண்டை கேம். இரண்டரை நிமிட டிரெய்லரில் பதினொரு விநாடி ஒரு தேயிலை மலை வருகிறது. கீழே ‘தெற்காசியா, எங்கோ ஓரிடம்’ என்று எழுதியிருந்தார்கள். ஹீரோ தேயிலைச் செடிகளுக்கு நடுவே மான் மாதிரிப் பாய்ந்து ஓடுகிறான். கவாத்து வெட்டிய கட்டைகளுக்குள் அப்படி ஓடினால் தொடை கிழிந்து தொங்கும். ஹார்னெட், அதாவது குளவி, என்று பெயர் வைத்திருக்கிறார்கள், ஆனால் மலையில் பெயருக்குக்கூட ஒரு குளவிக்கூடு இல்லை. எங்கள் மலைகளில் துப்பாக்கியைக் கண்டு யாரும் பயந்ததில்லை, குளவியைக் கண்டுதான் ஓடுகிறோம்.

ரசிகர்களுக்கு இதெல்லாம் கண்ணில் படவில்லை. மலைக்குப் பின்னால் தெரிந்த மூடுபனியைப் பார்த்துச் சொக்கிப் போனார்கள். “அந்தப் பனியைப் பாருங்கள், கண் கலங்குகிறது” என்று சென்னையிலிருந்து ஒருத்தர். “இதுதான் கலை” என்று டொரொண்டோவிலிருந்து இன்னொருத்தர். நான் ஒரு பதிவு போட்டேன். ஐயா, தூரத்தில் உள்ளதை வரைய நேரமோ மனமோ இல்லாவிட்டால் பனியைப் போட்டு மூடுவது கேம் செய்கிறவர்களின் பழைய வேலை, சோம்பேறித்தனத்துக்குக் கண் கலங்காதீர்கள் என்று எழுதினேன். முப்பது பேர் கெட்ட வார்த்தையில் பதில் போட்டார்கள். பாதிப் பேருக்கு அதையும் ஒழுங்காக எழுத வரவில்லை.

அதோடு விட்டார்களா? துப்பறியத் தொடங்கினார்கள். அந்தப் பதினொரு விநாடியில் கொழுந்து பறிக்கிற ஒரு பெண் வருகிறாள். முதுகு மட்டும்தான் தெரியும். இடுப்பில், செடி கிழிக்காமலிருக்கப் படங்குத் துணி கட்டியிருக்கிறாள், தலையிலிருந்து கயிற்றில் தொங்குகிற கொழுந்துச் சாக்கு முதுகை மூடியிருக்கிறது. சாக்கில் நீலப் பெயிண்டில் 217 என்று எழுதியிருக்கிறது. போதாதா! இருபத்தொன்று, ஏழு. ஆகவே ஜூலை இருபத்தொன்றாம் திகதி கேம் வெளிவருகிறது. தர்பூஸ் கேமிங் என்று சென்னையில் ஒரு பெரிய சேனல், எட்டு லட்சம் பேர் பார்ப்பது, இதற்காகவே நாற்பது நிமிட வீடியோ போட்டது. அந்த 7இன் நடுவே ஒரு குறுக்குக் கோடு இருந்தது. அப்படி எழுதுவது ஐரோப்பிய வழக்கமாம், அதனால் இந்தப் பாகத்தின் வில்லன் ஜெர்மன்காரனாம். இதற்கு இரண்டு லட்சம் லைக்.

நானும் சிரித்துக்கொண்டேதான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

அந்த ஏழு என்னுடைய ஏழு.

தோட்டத்துப் பதிவில் அம்மா காளியாயியின் பேர் நம்பர் இருநூற்றுப் பதினேழு. ஒவ்வொருவர் சாக்கிலும் அவரவர் நம்பர் எழுதியிருக்கும், நிறுவையில் சாக்கு மாறிவிடக்கூடாது என்பதற்காக. ஒருமுறை அம்மாவின் நம்பரை இருநூற்றுப் பதினொன்று என்று வாசித்து, அம்மா பறித்த கொழுந்தை வேறொருத்தி பேரில் போட்டுவிட்டார்கள். அன்று கோபத்தில் கதவுக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயிண்டை எடுத்து, ஒன்றும் ஏழும் இனி யாருக்கும் குழம்பாதபடி குறுக்கே கோடு போட்டு எழுதியவன் நான். உலகம் முழுக்க ஜெர்மன்காரனைத் தேடிக்கொண்டிருந்தது. கோடு போட்டவன் மஸ்கெலியாவில் போனுக்குச் சார்ஜர் துளை மாற்றிக்கொண்டிருந்தான்.

ஆனாலும் சட்டம் சட்டம்தான். முதல் ஆதாரம், என் கையெழுத்து. இரண்டாவது, எங்கள் வீட்டு ஆணியில் தொங்கிய அதே சாக்கு. இடது மூலையில் பச்சை நூலில் அம்மா போட்ட ஒட்டு, டிரெய்லரிலும் அப்படியே இருந்தது. மூன்றாவது, கங்காணி சோலைமலை. போன் போட்டேன்.

“மாமா, இந்த ரெண்டு மூணு வருசத்துல வெளிநாட்டுக்காரங்க யாராவது கேமராவோட மலைக்கு வந்தாங்களா?”

“வந்தாங்கப்பா. வேன்ல வந்து ஒரு நாள் முழுக்கச் சுத்திச் சுத்திப் புடிச்சாங்க. அன்னைக்கி என்னா நடந்துச்சுன்னா...”

“போதும் மாமா, அதான் வேணும்” என்று வைத்துவிட்டேன்.

ஊர்ஜிதம். பதிவு போட்டேன்: ‘அது திகதி இல்லை, முட்டாள்களே. அது என் அம்மா.’ சாக்கின் படத்தையும் போட்டேன்.

அன்று சாயந்தரம் அம்மாவிடம் போனைக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “ஆமா, நம்ம சாக்குதான்” என்றார். பிறகு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். பெருமையில் வாயடைத்துப் போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டேன். இத்தனை பேரைப் படிக்கத் தெரியாதவர்கள் என்று திட்டினேன், அம்மாவின் முகத்தைப் படிக்கத் தெரியாதவன் நான்.

மூன்றே நாளில் என் பக்கத்துக்கு நாற்பதாயிரம் பேர் சேர்ந்தார்கள். போன வாரம் ஜெர்மன்காரனைக் கும்பிட்டவர்கள் எல்லாம் இந்த வாரம் ‘அம்மா தெய்வம்’ என்றார்கள். அந்த முதுகை வைத்து ஸ்டிக்கர் செய்தார்கள், டீஷர்ட் வரைந்தார்கள். ஒருத்தன் அம்மாவின் கையில் இயந்திரத் துப்பாக்கி கொடுத்து வரைந்து அனுப்பி, பிடித்திருக்கிறதா ப்ரோ என்று கேட்டான். இந்தக் கூட்டத்துக்குத் தும்முவதற்கும் கும்பிடுவதற்கும் வித்தியாசம் கிடையாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், சொல்ல வெட்கமாக இருக்கிறது, இனித்தது.

அந்தத் தர்பூஸ் சேனல்காரனே கூப்பிட்டான். ஞாயிறு பின்னேரம் லைவ், அம்மாவையும் உட்காரவைக்க வேண்டும் என்றான்.

“நான் என்னத்தப்பா பேசுறது? நீயே பேசு” என்றார் அம்மா.

“ரெண்டு வார்த்த பேசுனா போதும்மா. எட்டு லச்சம் பேரு பாக்குற எடம்.”

“எனக்கு அதெல்லாம் சரிப்படாது விஜி. என்னைய விட்டுரு.”

நான் விடவில்லை. கூச்சப்படுகிறார் என்று நினைத்துத் தீபாவளிச் சேலையை எடுத்துக் கொடுத்து உட்காரவைத்தேன். சிக்னல் நன்றாக வருகிற இடம் எங்கள் வாசற்படிக்குப் பக்கத்தில்தான். விஷயம் தெரிந்து லயமே வாசலில் கூடிவிட்டது. மூன்றாவது வீட்டு நாகலெட்சுமி அக்காவும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பதினைந்தாயிரம் பேர் பார்ப்பதாகத் திரையில் காட்டியது.

தர்பூஸ் பத்து நிமிடம் தன்னைப் பற்றிப் பேசினான். பிறகு என்னை, “தமிழ் கேமிங்ல பொய்யே சொல்லாத ஒரே பக்கம்” என்று அறிமுகப்படுத்தினான். அந்த ஒரு நிமிடம் நான் தரையில் இல்லை. அப்புறம் அம்மா பக்கம் திரும்பினான்.

“அம்மா, வணக்கம்மா! உங்கள ஷூட் பண்றப்போ எப்டி இருந்துச்சு? பயமா இருந்துச்சா?”

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு நிலையைப் பிடித்து நின்ற நாகலெட்சுமி அக்காவைப் பார்த்தார். அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

“சாக்கு என்னோடதுங்க” என்றார் அம்மா. “ஆளு நான் இல்லீங்க.”

தர்பூஸ் சிரித்தான், அம்மா ஏதோ தமாஷ் பண்ணுகிறார் என்று. அம்மா சிரிக்கவில்லை. “இந்தா நிக்கிது, நாகலெட்சுமி. அதைத்தான் புடிச்சாங்க. இங்க வா புள்ள, ஒன்னையத்தான் கேக்குறாங்க.”

அதற்குள் திரையில் எழுத்துகள் அருவி மாதிரி விழத் தொடங்கின. ‘ஊர்ஜிதமாம் ஊர்ஜிதம்’, ‘அம்மாவையே மாத்திட்டான்’, ‘லைக்குக்காகப் பெத்த தாயை விக்கிறான்’. தர்பூஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “ப்ரோ, செம்ம கன்டென்ட் ப்ரோ!” என்றான். நான் போனை அணைத்தேன். அவன் திரும்ப அழைத்தபோது, சிக்னல் போய்விட்டது என்று எழுதி அனுப்பினேன். ஆறு வருடத்தில் நான் எழுதிய முதல் பொய் அதுதான் என்று நினைத்தேன். அதுவும் தப்பு, அது இரண்டாவது.

கூட்டம் கலைந்தது. நாகலெட்சுமி அக்கா மட்டும் போகும்போது, “நான் யாருகிட்டயும் சொல்லல தம்பி. ஒங்க அம்மான்னே இருக்கட்டும்னுதான் இருந்தேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். யாராவது செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

நான் அம்மாவிடம்தான் கத்தினேன். வேறு யாரிடம் கத்த முடியும்?

“மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல? என் மானம் போச்சு!”

“நீ எங்க கேட்ட?” என்றார் அம்மா.

ஆதாரம் மூன்று சேர்த்தேன். கையெழுத்தைப் பார்த்தேன், சாக்கைப் பார்த்தேன், கங்காணியைப் பாதியில் நிறுத்தினேன். அடுத்த அறையில் இருந்த ஆளிடம், அந்தச் சாக்கை அன்று சுமந்தது நீங்கள்தானா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மச்சான் சொன்னான் என்று எழுதுகிறவன்கூட மச்சானிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறான்.

அம்மா சேலையை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அன்று நடந்ததைச் சாவகாசமாகச் சொன்னார். வெள்ளைக்காரர்கள் வருகிறார்கள் என்றதும், காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில், மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா ஆள் பிரித்திருக்கிறார். வெளியாட்கள் வந்தால் தோட்டத்தில் அதுதான் வழக்கம், பார்க்க லட்சணமாக இருக்கிறவர்கள் ரோட்டோரத்து மலைக்கு, மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியாத மலைக்கு. எனக்கும் அந்த வழக்கம் தெரியும். நான் பிறந்த இடம்தானே.

“கண்டாக்கு ஐயா வந்து எல்லாரையும் ஒரு பார்வ பாத்தாரு. எனக்குப் பல்லுல வெத்தலக் கறை, முட்டி வேற மடங்காது. ‘கெழவிங்கள்லாம் மேல் மலைக்கிப் போங்க’ன்னாரு. ஏறப் போகயில மறுபடி கூப்புட்டாரு. சரி, நிக்கச் சொல்றாருன்னு எறங்கி வந்தேன். நாகலெட்சுமி சாக்கு கிழிசலா இருந்துச்சு. நம்ம சாக்கு எழுத்தெல்லாம் பளிச்சுன்னு இருக்குன்னு அத மட்டும் கழட்டி வாங்கிக்கிட்டாரு.”

“அப்பொறம்?”

“அப்பொறம் என்னா, கிழிஞ்ச சாக்க மாட்டிக்கிட்டு மேல ஏறுனேன். அன்னைக்கிப் பூரா கொழுந்து ஒழுகிக்கிட்டே இருந்துச்சு.”

எனக்கு எட்டு லட்சம் பேர் மீது இருந்த வெறுப்பு மொத்தமும் சுற்றி வந்து என் மீதே உட்கார்ந்துகொண்டது. கண்டாக்கு ஐயா சாக்கை மட்டும் எடுத்துக்கொண்டு ஆளை மேலே அனுப்பினார். நானும் சாக்கை வைத்துத்தான் பேர் வாங்கினேன்.

போனை எடுத்து, ‘என் செய்தி பொய். அது என் அம்மா இல்லை, எங்கள் லயத்து நாகலெட்சுமி அக்கா. நான் அம்மாவிடம் கேட்கவில்லை’ என்று போட்டேன். அதைப் படிக்க யாரும் இல்லை. அதற்குள் டிரெய்லரில் வருகிற ஒரு நாயின் காது எதையோ குறிக்கிறது என்று எல்லோரும் அந்தப் பக்கம் ஓடிவிட்டார்கள்.

அம்மா பக்கத்தில் வந்து குனிந்தார். “விஜி, அந்தப் படத்த இன்னொரு வாட்டி போடு.”

“எதுக்கும்மா?”

“மேல் மலை அதுல வருதான்னு பாக்குறேன். நான் அன்னைக்கி முழுக்க அங்கதான நின்னேன்.”

போட்டேன். நாகலெட்சுமி அக்காவின் முதுகு, 217, அதற்குப் பின்னால் ரோட்டோரத்து மலை. அதற்கும் மேலே ரசிகர்கள் கண் கலங்கிய அந்த மூடுபனி, வானம் வரைக்கும். அம்மா போனைக் கையில் வாங்கி, பனி இருந்த இடத்தை விரலால் துடைத்துப் பார்த்தார்.

“பனியாப் போட்டிருக்காங்க” என்றார். “அன்னைக்கி நல்ல வெயிலுப்பா.”