நாலு சீலும் ஒரு முள்ளும்

ஐஸ் கட்டி வைக்கிற வாடிக்குள் எமில்ராஜின் மூன்றாவது விரலையும் உடைத்த பிறகுதான் பஞ்சலிங்கத்தார் கடவுச்சீட்டை வெளியில் எடுத்தார். உடைத்தது அவருடைய ஆள் செந்தூரன். கட்டி ஐஸ் உடைக்கிற மரச் சுத்தியல் அவன் கையில் இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் முன்னால், "கையை ஆட்டாதேங்கோ எமிலண்ணை, பிறகு மணிக்கட்டிலை பட்டிடும்" என்று மரியாதையாகச் சொன்னான். அப்படி மரியாதை தெரிந்த பிள்ளைகளைத்தான் பஞ்சலிங்கத்தார் பக்கத்தில் வைத்திருப்பார். கட்சியின் தொகுதி அமைப்பாளர் அல்லவா, நாலு பேர் பார்க்கிற மனிதர்.

நல்ல மத்தியானம். மதிலுக்கு அந்தப் பக்கம் மீன்சந்தை. வாசலில் ஐஸ் அரைக்கிற மிஷின் ஓடிக்கொண்டிருந்ததால் எமில்ராஜ் போட்ட கூச்சல் ஒன்றும் மதிலைத் தாண்டவில்லை.

பஞ்சலிங்கத்தார் ஒரு மீன்பெட்டியில் உட்கார்ந்து, கடவுச்சீட்டை விரித்து, நிலத்தில் கிடந்தவனின் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"வடிவாப் பார். பதினொராம் திகதி கட்டுநாயக்கா எயர்போட்டாலை வெளிக்கிட்ட சீல். அதே நாள் சென்னையிலை இறங்கின சீல். பதினைஞ்சாம் திகதி சென்னையாலை வெளிக்கிட்ட சீல். இது திரும்பி வந்த சீல். நாலும் அசல். பொலிஸும் பாத்திட்டுது, பேப்பரிலையும் வந்திட்டுது. உன்ரை படகுக்கு இதிலை எங்கையடா சீல்?"

நாலும் அசல்தான். போனதையும் வந்ததையும் சீல் சொல்லும். இடையில் நாலு நாள் ஆள் எங்கே கிடந்தார் என்று அது எப்படிச் சொல்லும்? அதை எமில்ராஜ் மட்டும்தான் சொல்லலாம். பதின்மூன்றாம் திகதி விடியக்காலம் நடுக்கடலில் இந்தியப் படகொன்றிலிருந்து பஞ்சலிங்கத்தாரைத் தன் படகில் ஏற்றி, மாதகல் கரையில் இறக்கியவன் அவன்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் இறக்குமதித் தடையால் களவாய் வந்த மஞ்சள் மூட்டைகளோடு அவன் பிடிபட்டபோது, ஒரு வார்த்தை சொல்லி வெளியில் எடுத்தவர் பஞ்சலிங்கத்தார். அந்த நன்றிக்கடன் கழுத்தில் கயிறாய்க் கிடந்தது. நடுக்கடலுக்கு வரச் சொன்னபோது, "குடும்ப விசயம், ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது" என்றார். இவனும் கேள்வி கேட்கவில்லை.

கரையில் முழங்காலளவு தண்ணீரில் இறங்கிய பஞ்சலிங்கத்தாரின் வலது காலைத் திருக்கை மீன் வால் முள்ளால் அடித்துவிட்டது. பெரிய மனிதர் சின்னப் பிள்ளை போலக் குழறினார். எமில்ராஜ் குறட்டால் முள்ளைப் பிடித்து இழுத்தான். பாதிதான் வந்தது.

"மிச்சம் உள்ளை கிடக்கு ஐயா. ஆஸ்பத்திரிக்குப் போய் வெட்டி எடுக்கவேணும்."

"எங்கை குத்தினதெண்டு கேப்பாங்களெல்லே, விசரா!"

காலில் துணியைச் சுற்றிக்கொண்டு, காத்து நின்ற வான் வண்டியில் ஏறிப் போனார். அடுத்த நாள் விடிய எமில்ராஜ்தான் மறுபடியும் நடுக்கடலில் கொண்டுபோய் விட்டான். பதினைந்தாம் திகதி கட்டுப் போட்ட காலோடு விமான நிலையத்தால் வெளியே வந்தவர், சென்னை ஹோட்டலில் கண்ணாடி ஓடு குத்திவிட்டதென்று பத்திரிகைக்காரருக்குச் சொன்னார்.

பஞ்சலிங்கத்தார் களவாய்க் கரையில் நின்ற அந்த ஒரு நாளைக்குள் கோகுலன் செத்துப்போனான். கொழும்புத்துறை இறங்குதுறைக்குப் பக்கத்தில் பட்டப்பகலில் வெட்டிப் போட்டிருந்தார்கள். கையைத் தூக்கித் தடுத்திருக்கிறான். கையும் தனியாகக் கிடந்தது. களப்பை மறித்துப் பஞ்சலிங்கத்தார் போட்ட கடலட்டைப் பண்ணைக்கு எதிராகத் தொழிலாளிகளைச் சேர்த்தவன் அவன். எமில்ராஜின் மனைவி ஜெயகௌரிக்குக் கூடப்பிறந்த ஒரே தம்பி.

அன்று பத்து மணிக்கு அவன் அக்காவுக்குப் போன் எடுத்திருந்தான். "பஞ்சலிங்கத்தார் தனிய வந்து கதைக்கச் சொல்லுறார் அக்கா. கதைச்சிட்டு வாறன்." அந்தப் போனும் பிறகு கிடைக்கவில்லை. ஜெயகௌரி இதைப் பொலிஸில் சொன்னாள். பஞ்சலிங்கத்தார் கடவுச்சீட்டைத் தூக்கிக் காட்டினார். அன்றிலிருந்து ஊருக்கு அவள் பொய்காரி. அட்டைப் பண்ணை எதிரிகள் சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறாள் என்றார்கள். சந்தையில் ஒருத்தி அவள் முகத்துக்கு நேரே காறித் துப்பினாள்.

எமில்ராஜ் என்ன செய்தான்? "துக்கத்திலை ஏதேதோ நினைக்கிறாய், கௌரி" என்று மனைவியின் தலையைத் தடவினான். வேறு எவன் சொன்னதையும் மன்னிக்கலாம், இதை மன்னிக்க முடியாது. அது அவனுக்கும் தெரியும். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு வீட்டில், கோகுலனின் படத்துக்கு முன்னால் விழுந்து, "நான்தான்ரா கொண்டுவந்தனான்" என்று குழறிவிட்டான். ஜெயகௌரி குசினியில் நின்றதால் அவள் காதில் விழவில்லை. ஊரோடு வந்து பந்தியில் இருந்த செந்தூரனின் காதில் விழுந்தது. அதனால்தான் இன்றைக்கு இந்த ஐஸ் வாடி.

"ஆருக்குச் சொன்னனி?" பஞ்சலிங்கத்தார் எழுந்து பக்கத்தில் வந்தார். "மனிசிக்கோ?"

"ஒருத்தருக்கும் இல்லை ஐயா."

"நீ சொன்னாலும் ஆர் நம்பப் போறாங்கள்? மஞ்சள் கடத்தினவன். ஆனா எனக்கு இரைச்சல் பிடிக்காது."

செந்தூரன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, சாக்கையும் கயிற்றையும் எடுத்தான். கயிற்றின் நுனியில் நங்கூரக் கல் இருந்தது. எமில்ராஜுக்கு விளங்கிவிட்டது. கடலில் பிழைத்தவனுக்கு அந்தக் கல் எதற்கென்று யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

பஞ்சலிங்கத்தார் வலது காலைத் தூக்கி அவன் கன்னத்தில் வைத்து அழுத்தினார். மெல்லிய செருப்பு, அதற்குள் துணிக்கட்டு. அந்தக் கட்டிலிருந்து அழுகல் வாடை அடித்தது. ஒரு மாதம் தாண்டியும் காய்ந்தபாடில்லை. முள் இன்னும் உள்ளேதான் கிடக்கிறது என்று எமில்ராஜுக்கு அந்த வாடையிலேயே தெரிந்தது.

அவன் யோசித்துச் செய்யவில்லை. தலையைத் திருப்பி, வாய்க்குக் கிட்ட வந்த காலை அப்படியே கவ்வினான். துணி, தோல், சீழ், எல்லாவற்றையும் தாண்டிப் பல்லை இறக்கினான். வாய் நிறைய உப்பும் நாற்றமும். கடைவாயில் ஏதோ கடினமாக இடறியது. அதை விடாமல் இறுக்கிக் கடித்தான்.

பஞ்சலிங்கத்தார் போட்ட அலறலுக்கு மிஷின் சத்தம் காணாமல் போயிற்று. செந்தூரன் சுத்தியலை எடுத்து எமில்ராஜின் விலாவில் போட்டான், முதுகில் போட்டான், மூன்றாவது அடி தாடையில் விழுந்து பல் கழன்ற பிறகுதான் கால் விடுபட்டது. விடுபட்ட வேகத்தில் பஞ்சலிங்கத்தார் ஒற்றைக் காலில் தத்தித் தத்திப் போய்க் கதவைத் தானே திறந்தார். "என்னைக் கொல்லுறான், பிடியுங்கோ!" என்று சந்தைக்குக் கேட்கக் கத்தினார். மீன் வெட்டுகிற பெண்கள் கத்தியும் கையுமாக ஓடி வந்து பார்த்தபோது, உள்ளே ஒருவன் ரத்தத்தில் கிடந்தான். பக்கத்தில் சாக்கும் நங்கூரக் கல்லும். செந்தூரன் சுத்தியலைப் பின்னால் ஒளித்தான்.

இருவரையும் ஒரே அம்புலன்ஸில்தான் கொண்டுபோனார்கள்.

பஞ்சலிங்கத்தார் அந்த நேரத்திலாவது வாயை மூடியிருக்கலாம். ஆனால் ஊர் பார்க்க ஒரு மீன்பிடிகாரன் கடித்துவிட்டான், கௌரவம் என்னாவது? கட்டிலில் படுத்தபடியே பொலிஸைக் கூப்பிட்டு முறைப்பாடு எழுதிக் கொடுத்தார். முறைப்பாடு என்றால் சட்ட வைத்தியர் வருவார், காயத்தை அளப்பார், எடுத்ததை எல்லாம் எழுதுவார். வந்த வைத்தியர், கிழிந்த பாதத்துக்குள்ளிருந்து இரண்டு பக்கமும் அரிவாள் பல் வைத்த ஒரு முள்துண்டை எடுத்து, போத்தலில் போட்டு, முத்திரை வைத்துப் பொலிஸிடம் கொடுத்தார். கண்ணாடி ஓடு ஒன்றும் இருக்கவில்லை.

அடுத்த நாள் ஜெயகௌரி எமில்ராஜின் கட்டிலருகில் இருந்து கஞ்சி பருக்கினாள். அவன் கிண்ணத்தை விலக்கினான்.

"கௌரி, அடுப்புக்கு மேலை உப்புப் போத்தலுக்கை ஒரு திருக்கை முள் கிடக்கெல்லே."

"ஓம். காயம் ஆறுமட்டும் எறியக்கூடாது, அப்பரின்ரை பழக்கம் எண்டு சொன்னீங்கள். ஆரின்ரை காயம் எண்டு நீங்களும் சொல்லேல்லை, நானும் கேக்கேல்லை."

அவன் சொன்னான். ஒன்றையும் மறைக்காமல், விடியக்காலக் கடலிலிருந்து தொடங்கிச் சொன்னான். அவள் கரண்டியைக் கிண்ணத்துக்குள் வைத்தாள்.

"அப்ப நான் பொய் சொல்லேல்லை."

"இல்லை."

"உங்களுக்குத் தெரியும். எனக்குக் காறித் துப்பேக்கையும் உங்களுக்குத் தெரியும். என்ரை தலையைத் தடவேக்கையும் தெரியும்."

"ஓம்."

அவள் அவனுடைய கட்டுப் போட்ட கையை எடுத்தாள். ஆறுதலுக்குப் பிடிக்கிறாள் என்று பக்கத்துக் கட்டில்காரன் நினைத்திருப்பான். அவள் உடைந்த மூன்று விரல்களையும் சேர்த்து நெரித்தாள். எமில்ராஜ் கையை இழுத்துக்கொள்ளவில்லை. கண்ணால் மட்டும் தண்ணீர் ஓடியது. அவள் கை களைத்த பிறகு விட்டுவிட்டு, உப்புப் போத்தலை எடுக்க வீட்டுக்குப் போனாள்.

கோகுலனின் மரண விசாரணை மூன்று கிழமை கழித்து நீதிமன்றத்தில் எடுக்கப்பட்டது. பஞ்சலிங்கத்தாரின் சட்டத்தரணி கடவுச்சீட்டை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, நாலு சீலையும் திகதியோடு வாசித்தார். சாட்சிக் கூட்டில் நின்ற ஜெயகௌரி கைப்பையைத் திறந்து உப்புப் போத்தலை எடுத்து வைத்தாள். நீதவான் பொலிஸின் போத்தலையும் கொண்டுவரச் சொன்னார். சட்ட வைத்தியர் இரண்டு துண்டையும் வெள்ளைத் தாளில் வைத்து முறிந்த இடத்தைப் பொருத்தினார். ஒரு பல் கூடப் பிசகவில்லை. பஞ்சலிங்கத்தார் கட்டுப்போட்ட காலை வாங்குப் பலகைக்குக் கீழே இழுத்துக்கொண்டார்.

"இந்தத் துண்டை ஆர் எடுத்தது?" என்று நீதவான் கேட்டார். "எங்கே, எந்தத் திகதி?"

ஜெயகௌரி திரும்பிக் கணவனைப் பார்த்தாள்.

"மாதகல் கரையிலை, பதின்மூண்டாம் திகதி விடிய. அந்தா இருக்கிறார், எடுத்தவர். என்ரை தம்பியைக் கொல்லக் கொண்டுவந்து இறக்கினவரும் அவர்தான். அவரையும் கூட்டிலை ஏத்துங்கோ ஐயா."

பொலிஸ்காரர் எழும்புவதற்கு முன்பே எமில்ராஜ் எழுந்து கூட்டை நோக்கி நடந்தான்.