முனை மழுங்கிய கத்தி

கடைக்காரர் தன் முன்கையில் கத்தியை வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். மயிர் அலகோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அதைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் ஊதிவிட்டு, "பார்த்தீங்களா மேடம், கூர்மைன்னா இது!" என்றார். அந்தக் கை முழுக்கத் திட்டுத் திட்டாக வழுக்கை. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிக் காட்டியே கை அப்படி ஆகியிருந்தது. ஊதிய மயிரில் ஒன்று பறந்து வந்து அவள் கைப்பையின் வாரில் உட்கார்ந்தது. அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு பையை உதறினாள்.

"அட்டகாசம்ணே!" என்றான் பக்கத்தில் நின்ற கொழுந்தன். அவன் கையில் மண்டையோடு செதுக்கிய பிடியுள்ள கத்தி ஒன்று இருந்தது. அதைக் காதலியின் கன்னம்போல் தடவிக்கொண்டிருந்தான். "அண்ணி, இதைப் பாருங்க. எவனும் கிட்ட வரமாட்டான்."

"நீ வாயை மூடிட்டு நில்லு."

அவன் வாயால்தான் அவள் இந்தக் கடையில் நின்றுகொண்டிருந்தாள்.

அவள் ஏரிக் காவலர். காவல் என்பது பெயருக்குத்தான். கரையோரம் சிக்கிக் கிடக்கும் தூண்டிலின் நைலான் நரம்பையும் சாக்குக் கயிற்றையும் அறுத்து எடுப்பதும், அவற்றில் மாட்டிக்கொண்ட பறவைகளை விடுவிப்பதும்தான் வேலை. அதற்கு ஒரு சின்ன மடக்குக் கத்தி வைத்திருந்தாள். போன வாரம் பேருந்து நிலைய வாசலில் சோதனை. அவளுடைய கத்தியில் சட்டப்படி ஒரு குறையும் இல்லை. அலகு உள்ளங்கை அகலத்தைத் தாண்டவில்லை. பொத்தானை அழுத்தினால் சீறிக்கொண்டு வருகிற வகையில்லை. திறந்தால் பூட்டிக்கொண்டு நிற்கிற வகையுமில்லை. போலீஸ்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எதுக்கு?" என்று மட்டும் கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள், வழியனுப்ப வந்த கொழுந்தன் முந்திக்கொண்டான்.

"பாதுகாப்புக்கு சார். பொம்பளை, தனியா கரையில சுத்துறாங்கல்ல."

அவ்வளவுதான். வேலைக்கென்று வைத்திருந்தால் கத்தி. ஆளுக்கென்று வைத்திருந்தால் ஆயுதம். அந்த ஊர்ச் சட்டம் அப்படி. கத்தி மேசை இழுப்பறைக்குள் போனது, திரும்பி வரவில்லை. விஷயம் அலுவலகம்வரை எட்டியது. மேற்பார்வையாளர் பல் குத்திக்கொண்டே சொன்னார்: "கத்தியில்லாம ஏரிக்குப் போய் என்ன செய்வே? கத்தியோட மறுபடி மாட்டினா இந்தப் பக்கமே வராதே." குத்தி எடுத்ததைப் பார்த்துவிட்டு மறுபடி வாய்க்குள்ளேயே போட்டுக்கொண்டார். அவளுக்கு அவர் சொன்னதைவிட அதுதான் நெஞ்சில் நின்றது.

"இது வேண்டாம். பூட்டு இருக்கு," என்று கடைக்காரர் நீட்டியதை ஒதுக்கினாள்.

"பூட்டு இருந்தாத்தானே மேடம் விரலுக்கு நல்லது? இல்லேன்னா மடங்கிக் கடிச்சிடும்."

"தெரியும். ஆனா பஸ் ஸ்டாண்டு வாசல்ல நிக்கிறவருக்கு என் விரலைப் பத்திக் கவலையில்லை."

பூட்டில்லாத ஒன்றைத் திறந்து, அலகின் முதுகைக் கண்ணாடிப் பெட்டியின் விளிம்பில் அழுத்தினாள். பொசுக்கென்று மடங்கியது. விரலை இழுத்துக்கொண்டாள். அடுத்தது விறைப்பாக நின்றது, ஆனால் நகத்தை மாட்டி இழுத்தால்தான் திறந்தது. இரண்டு கை வேண்டும். அவளுக்கு ஒரு கைதான் மிஞ்சும். மற்றொரு கையில் நாரையின் கழுத்து இருக்கும். விட்டால் கண்ணைக் குத்திவிடும்.

மூன்றாவது, மூலையில் தூசியோடு கிடந்தது. ஆரஞ்சுப் பிடி. அலகில் கட்டைவிரல் நுழைய ஒரு துளை. முனையை யாரோ கடித்துத் துப்பிய மாதிரி மொண்ணையாக வளைந்திருந்தது. குத்த வராது, அறுக்க மட்டும் வரும். ஒரே கையால் திறந்தாள். விளிம்பில் அழுத்தினாள். பூட்டில்லை, ஆனாலும் சட்டென்று மடங்கவில்லை.

"இது படகுக்காரங்க வாங்குறது மேடம். இப்ப யாரும் கேக்கிறதில்லை," என்றார் கடைக்காரர்.

"பென்சில் சீவவா அண்ணி?" என்றான் கொழுந்தன்.

அவள் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். உள்ளே ஏரியிலிருந்து எடுத்த நரம்புச் சுருள். பாசியும் செதிலும் காய்ந்து, ஒரு சின்ன எலும்புகூட ஒட்டிக்கொண்டிருந்தது. கடைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்னால் போனார்.

"ஐயோ, என்ன மேடம் இது! செத்த நாத்தம்!"

உடம்பு மயிரை வியாபாரப் பெட்டிமேல் ஊதுகிற மனிதருக்கு இது நாறுகிறது. அவள் நரம்பை இழுத்துப் பிடித்து அறுத்தாள். சத்தமேயில்லாமல் இரண்டானது.

"இதைக் கொடுங்க."

பேருந்து நிலைய வாசலில் அதே போலீஸ்காரர். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, அதே விரலால் அவள் கத்தியை எடுத்துத் திறந்தார். உள்ளங்கையில் வைத்து அளந்தார். அலகை அழுத்தி மடக்கிப் பார்த்தார், பூட்டில்லை. பிறகு அவள் முகத்தைப் பார்த்து, சிரிப்பு மாதிரி ஒன்றை வாயோரத்தில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"எதுக்கும்மா இது? பாதுகாப்புக்கா?"

கொழுந்தன் உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டிருந்தான். அவள் இரண்டு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அந்தச் சிரிப்பு, அவள் வாய் தவறுவதற்காகக் காத்திருந்தது. பின்னால் வரிசை நீண்டது. யாரோ செருமினார்கள். அவள் பையிலிருந்த பொட்டலத்தை எடுத்து மேசைமேல் பிரித்து வைத்தாள்.

"இதை அறுக்க. ஏரி வேலை."

போலீஸ்காரர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "எடும்மா! முதல்ல அதை எடு!" கத்தியை அவள் பக்கம் தள்ளினார். "போ, போ. சனியனே, சாப்பாட்டு நேரத்துல..."

பேருந்தில், தான் இறங்க வேண்டிய இடம் நெருங்கியபோதுதான் கொழுந்தன் வாயைத் திறந்தான்.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க. அன்னிக்கு நான் பொய் சொல்லலையே. கரையில ஆளுங்க பின்னாலயே வர்றானுங்க, பயமா இருக்கு, கத்தியப் பிடிச்சுக்கிட்டே நடக்கிறேன்னு வீட்ல நீங்கதானே சொன்னீங்க? அண்ணன்கூடச் சிரிச்சான். நான் சிரிக்கலை."

அவன் இறங்கி, கீழே நின்று கையாட்டினான். பேருந்து நகர்ந்த பிறகும் அவளால் கையைத் தூக்க முடியவில்லை. இத்தனை நாளும் அவன் வாயைத்தான் அருவருத்துக்கொண்டிருந்தாள். அந்த வாயில் இருந்தது அவளுடைய வார்த்தைதான்.

ஏரிக்கரையில் அந்த ஆட்கள் இருந்தார்கள். எப்போதும்போல் மூன்று பேர், பாதையிலேயே உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டு. குடலை வழித்து அவள் நடக்கும் மண்ணில் எறிந்தார்கள். ஒருவன் நாக்கைச் சுழற்றி ஒரு சத்தம் போட்டான். மற்றொருவன், "டீச்சரம்மா வந்தாச்சு, பாடம் நடத்துங்க," என்றான். நரம்பைக் கரையில் போடாதீர்கள் என்று அவள் ஒருமுறை சொன்னதிலிருந்து கேட்டுக் கேட்டுப் புளித்த பேச்சு.

அவள் கை தானாகப் பைக்குள் போனது. ஆரஞ்சுப் பிடியைப் பற்றியது. கட்டைவிரல் துளையைத் தேடிக் கண்டுபிடித்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: இது குத்தாது. கடையில் பறவையை நினைத்துத்தான் இதை எடுத்தாள். இனி இந்தப் பாதையில் அவளிடம் இருப்பது நரம்பு அறுக்கிற ஒரு சாமான், அவ்வளவே. போலீஸ்காரரிடம் சொன்னது இப்போது முழுக்க உண்மையாகிவிட்டது. அந்த உண்மை அவளுக்கு ஒரு நிம்மதியையும் தரவில்லை.

கையை வெளியே எடுத்துக்கொண்டு, குடலை மிதித்தபடியே அவர்களைக் கடந்து போனாள். காலடியில் ஏதோ வழுக்கியது. குனிந்து பார்க்கவில்லை.

நாணலுக்குள் ஒரு நாரை சிறகடித்துக்கொண்டிருந்தது. நரம்பு காலில் நாலு சுற்று, இறக்கையில் இரண்டு சுற்று. இடது கையால் கழுத்தைப் பிடித்து, வலது கையால் கத்தியைத் திறந்தாள். தோலுக்கும் நரம்புக்கும் நடுவே மொண்ணை முனை நோகாமல் நுழைந்தது. அறுத்தாள். கடைசிச் சுற்று விழுந்ததும், பயந்துபோன நாரை பாதி செரித்த மீனை அவள் சட்டைமேல் கக்கிவிட்டு எழும்பிப் பறந்தது.

சூடாக, புளித்த வாடையோடு அது மார்பிலிருந்து வழிந்தது. அன்று காலையிலிருந்து முதல்முறையாக அவளுக்கு அருவருப்பு வரவில்லை. சட்டையைத் துடைக்காமல் அப்படியே விட்டுவிட்டு, கத்தியை மட்டும் தண்ணீரில் அலசினாள். அதை மடக்கிப் பைக்குள் போட்டு, அந்த வாடையோடேயே பாதைக்கு ஏறினாள். மூன்று பேரும் அங்கேயேதான் இருந்தார்கள்.